கடலுக்குப் போன தண்ணீர் கொல்லிமலைக்குத் திரும்புவது எப்படி?

சின்னக் குழந்தைக்கும் புரியும்படி சொல்லிக் கொடுக்கலாம்!

"மழை எங்கிருந்து வருகிறது?"

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு குழந்தையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "மேகத்திலிருந்து" என்று சொல்லும்.

"மேகத்துக்குத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்?" என்று அடுத்தபடி கேளுங்கள். குழந்தை விழிக்கும். பெரியவர்களில் பலரும் விழிப்பார்கள்!

பாடப் புத்தகத்தில் இதற்குப் படம் இருக்கிறது. கடல், சூரியன், மேகம், மலை, ஆறு எல்லாம் அதில் இருக்கும். சுற்றிலும் அம்புக்குறி போட்டிருக்கும். குழந்தை அதை மனப்பாடம் செய்துவிடும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிடும்.

ஆனால் படத்தில் உள்ள ஆறு எந்த ஆறு? மலை எந்த மலை? அது தன் ஊர் ஆறுதான், தன் கண்ணில் தினமும் படும் மலைதான் என்று குழந்தைக்குத் தெரியாது. அது தெரிந்துவிட்டால், பாடம் மறக்கவே மறக்காது.

இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கத் தம்மம்பட்டியைப்போல் வசதியான ஊர் அபூர்வம்.

ஊரே ஒரு பாடப் புத்தகம்

சேலம் மாவட்டம், கெங்கவல்லி தாலுகாவில் இருக்கிறது தம்மம்பட்டி. மரச் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். மேற்கே பார்த்தால் கொல்லிமலை. தென்கிழக்கே பார்த்தால் பச்சைமலை. நடுவே சுவேத நதி.

இந்த ஆறு கொல்லிமலையில் பிறக்கிறது. தம்மம்பட்டியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. வீரகனூரைத் தாண்டுகிறது. பிறகு கல்வராயன் மலையிலிருந்து ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்தபின் அதற்குப் பெயர் வெள்ளாறு.

சுவேதம் என்றாலும் வெள்ளை என்றுதான் பொருள். பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை!

வெள்ளாறு திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய், பரங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் விழுகிறது. தம்மம்பட்டியிலிருந்து அந்த இடம் நேர்கோட்டில் சுமார் 140 கிலோ மீட்டர். வளைந்து வளைந்து ஓடும் ஆற்றுக்கு அதைவிட அதிகத் தூரம்.

ஆசிரியர் கரும்பலகையில் முதலில் வரைய வேண்டியது இந்த ஆற்றைத்தான். இடது பக்கம் கொல்லிமலை. வலது பக்கம் பரங்கிப்பேட்டைக் கடல். நடுவே குழந்தைகளின் ஊர். வரைந்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"ஆறு காலம் காலமாகக் கடலுக்கு ஓடுகிறதே, மலையில் தண்ணீர் ஏன் தீர்ந்துபோகவில்லை? கடல் ஏன் நிரம்பி வழியவில்லை?"

இந்தக் கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது.

ஈரத் துண்டின் எடை

முதல் சோதனைக்குக் காசு செலவே இல்லை. ஒரு துண்டை நனைத்துப் பிழியுங்கள். தராசில் வைத்து எடை போடுங்கள். வெயிலில் காயப்போடுங்கள். காய்ந்ததும் மறுபடி எடை போடுங்கள். எடை குறைந்திருக்கும்.

குறைந்தது என்ன? தண்ணீர். அது எங்கே போயிற்று? கீழே சொட்டவில்லை. யாரும் குடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது.

தண்ணீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்று பல குழந்தைகள் நினைக்கின்றன. அது சரியல்ல. சிலேட்டில் தடவிய ஈரம் காய்கிறதே, சிலேட்டு கொதித்ததா? கொதிக்காமலே தண்ணீர் ஆவியாகும். வெயில் இருந்தால் வேகமாக ஆகும். காற்று அடித்தால் இன்னும் வேகமாக ஆகும். பரந்த தட்டில் இருந்தால் சீக்கிரம் ஆகும். குறுகிய வாய்ப் பாட்டிலில் இருந்தால் மெதுவாக ஆகும். தட்டு ஒன்று, பாட்டில் ஒன்று வைத்து, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, மறுநாள் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தம்மம்பட்டிக் குழந்தைகளுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. சிற்பம் செதுக்குகிறவர் வெட்டிய மரத்தில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் காயக் காய மரத்தின் எடை குறையும். சரியாகக் காயாவிட்டால் பிறகு வெடிப்பு விடும். மரத்துக்குள் இருந்த தண்ணீரும் காற்றுக்குத்தான் போகிறது!

"ஆவி" என்றதும் சில குழந்தைகள் பேய் என்று பயப்படலாம். சிரித்துவிட்டு விளக்கிச் சொல்லுங்கள். இட்லிப் பானையைத் திறந்தால் வெள்ளையாக எழும்புகிறதே, அது நீராவி ஆறி உண்டான பொடிப் பொடித் துளிகள். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது.

உப்பு எங்கே?

கடல் நீர் உப்பாயிற்றே, மழை நீர் ஏன் உப்பில்லை?

நல்ல கேள்வி. ஒரு தட்டில் உப்புத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். தண்ணீர் வற்றும். தட்டில் வெள்ளையாக உப்பு நிற்கும். தண்ணீர் மட்டும் மேலே போயிற்று. உப்பு கீழே தங்கிவிட்டது.

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளங்களில் நடப்பது இதுவே. நாம் சோற்றில் போட்டுக்கொள்ளும் உப்பு, சூரியன் தண்ணீரை எடுத்துக்கொண்டு விட்டுப்போன மிச்சம்.

மேகம் பை அல்ல

மேகம் என்பது தண்ணீர் நிரப்பிய பை. அது கிழிந்தால் மழை. இப்படிச் சில குழந்தைகள் நினைப்பார்கள். மேகம் கடலில் இறங்கித் தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டிருப்பார்கள்.

இது நம் ஊர்க் குழந்தைகளிடம் மட்டும் உள்ள எண்ணமல்ல. ஸ்விட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே, 1920-களில் குழந்தைகளிடம் பேசிப் பேசி அவர்களுடைய எண்ணங்களை எழுதிவைத்தார். மேகம் எதனால் ஆனது என்று கேட்டார். வீட்டுப் புகைக்கூண்டிலிருந்து கிளம்பும் புகைதான் மேகம் என்று பல குழந்தைகள் சொன்னார்கள்!

குழந்தை இப்படிச் சொன்னால் திட்டக் கூடாது. அதுவும் யோசித்துத்தான் சொல்கிறது. கண்ணால் பார்க்க வைத்தால் தானே திருத்திக்கொள்ளும்.

ஒரு டம்ளரில் ஐஸ் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கும். "டம்ளர் ஒழுகுகிறது" என்று குழந்தை சொல்லும். அப்படியானால், தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்து மறுபடி செய்யுங்கள். வெளியே உள்ள துளியில் மஞ்சள் நிறம் இருக்காது. எனவே அது உள்ளே இருந்து வந்ததல்ல. காற்றில் இருந்த ஆவி, குளிர்ந்த டம்ளரைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது.

வானத்திலும் இதுவே நடக்கிறது. ஆவி கலந்த காற்று மேலே போகிறது. மேலே போகப் போகக் குளிர் அதிகம். அங்கே ஆவி, காற்றில் மிதக்கும் தூசியிலும் உப்புத் துகளிலும் ஒட்டிக்கொண்டு மிகச் சிறிய துளியாகிறது. கோடிக்கணக்கான துளிகள் சேர்ந்து தெரிவதுதான் மேகம். துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கனமானால், காற்று தாங்காது. கீழே விழும். அதுவே மழை.

நம் தலையில் விழும் ஒரு மழைத் துளிக்குள் சுமார் பத்து லட்சம் மேகத் துளிகள் அடக்கம்!

மலையின் வேலை

தம்மம்பட்டிக் குழந்தைகள் மழைக்காலத்தில் கொல்லிமலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். மேகம் ஏன் மலையைத் தேடிப் போகிறது?

மேகம் தேடிப் போகவில்லை. ஈரக் காற்று வருகிறது. எதிரே மலை மறிக்கிறது. காற்று மலைமேல் ஏறியாக வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர்ச்சி கூடும். கொல்லிமலையின் உச்சிகள் ஆயிரம் மீட்டரையும் தாண்டியவை. ஏறிய காற்று குளிர்கிறது. ஆவி துளியாகிறது. மழை கொட்டுகிறது.

அந்த மழையில் ஒரு பங்கு சுவேத நதியாகிறது. மலையின் இன்னொரு பக்கத்தில் ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. ஒரே மலை, பல வழி.

இந்தப் பக்கத்துக்கு மழை இரண்டு கடலிலிருந்தும் வருகிறது. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மாலையில் இடியோடு பெய்யும் மழை அப்போது அதிகம். "ஐப்பசியில் அடைமழை" என்பார்களே, அது வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலின் ஆவியை அள்ளிக்கொண்டு வருவது அதுதான். சுவேத நதியின் தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் அதே வங்கக் கடல்தானே!

கரும்பலகைப் படத்தில் வட்டம் இப்போது பூர்த்தியாகிவிட்டது.

பழம் பாட்டும் பாரீஸ் கணக்கும்

இந்த உண்மை நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தின் துறைமுகத்தைச் சிறப்பித்துப் பாடியது பட்டினப்பாலை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கடலிலிருந்து சரக்கு கரைக்கு வருவதையும், கரையிலிருந்து சரக்கு கடலுக்குப் போவதையும் சொல்ல வந்த புலவர், எதை உவமை காட்டினார் தெரியுமா? வானம் முகந்த நீர் மலையில் பெய்வதையும், அந்த நீர் திரும்பக் கடலுக்குப் போவதையும்தான்!

திருக்குறளிலும் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரம் மழையைப் பற்றியதே. அதன் பெயர் வான்சிறப்பு.

ஐரோப்பாவில் நெடுங்காலம் வேறு எண்ணம் இருந்தது. கடல் நீர் பூமிக்கு அடியில் உள்ள வழிகளில் புகுந்து, மலைக்கு ஏறி, ஊற்றாக வருகிறது என்று பலர் நம்பினார்கள். ஆறு முழுவதும் ஓடுவதற்கு மழை மட்டும் போதாது என்று நினைத்தார்கள்.

பிரான்ஸ் நாட்டுக்காரரான பியர் பெரோ இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பாரீஸ் நகரத்தின் வழியாக ஓடும் சீன் நதியின் மேல்பகுதியை எடுத்துக்கொண்டார். அங்கே பெய்யும் மழை எவ்வளவு? ஆற்றில் ஓடும் நீர் எவ்வளவு? 1674-ல் கணக்கை வெளியிட்டார். ஆற்றில் ஓடுவதைப்போல் ஆறு மடங்கு மழை பெய்கிறது என்று தெரிந்தது.

மழை போதாது என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போயிற்று. மிச்சம் ஐந்து பங்கு எங்கே? ஆவியாகிப் போனது, மரம் செடி குடித்தது, மண் உறிஞ்சியது.

மரமும் இறைக்கிறது

மரம் குடித்த தண்ணீர் மரத்திலேயே தங்குவதில்லை. வேர் உறிஞ்சுகிறது. இலை வெளியே விடுகிறது.

வெயிலில் நிற்கும் ஒரு கிளையை இலைகளோடு சேர்த்துப் பாலிதீன் பைக்குள் விட்டு, வாயை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். சில மணி நேரத்தில் பைக்குள்ளே நீர்த்துளி கோத்து நிற்கும். பிறகு பையை அவிழ்த்துவிட வேண்டும்.

மாலையில் இலையை மடக்கித் தூங்கும் தூங்குமூஞ்சி மரம் தம்மம்பட்டிச் சிற்பிகளுக்குப் பழக்கமான மரம். அந்த மரம் உயிரோடு நின்றபோது அதுவும் பகலெல்லாம் மண்ணின் நீரை வானத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்ததுதான்.

தாயக்கட்டை விளையாட்டு

புத்தகப் படத்தில் ஒரு குறை உண்டு. எல்லாத் துளியும் ஒரே வட்டமாகச் சுற்றுவதுபோல் அது காட்டும். உண்மையில் ஒவ்வொரு துளிக்கும் ஒவ்வொரு வழி.

இதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம். பள்ளி மைதானத்தில் கடல், மேகம், மலை, ஆறு, கிணறு, மரம், மாடு என்று ஏழு இடங்களில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு துளி. தாயக்கட்டையை உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்ப இடம் மாற வேண்டும். கடலில் நிற்கும் குழந்தைக்குப் பெரும்பாலும் "அங்கேயே நில்" என்று வரும்படி வையுங்கள். மேகத்தில் நிற்கும் குழந்தைக்குச் சீக்கிரம் இறங்கும்படி வையுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. காற்றில் சேர்ந்த ஆவி, சராசரியாக ஒன்பது நாள் வரையில்தான் அங்கே இருக்கிறது. கடலுக்குள் போன துளி வெளியே வரச் சராசரியாகச் சுமார் மூவாயிரம் ஆண்டு ஆகலாம். பூமிக்குள் ஆழத்தில் இறங்கிய நீர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள்கூடத் தங்கிவிடும்.

விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொரு குழந்தையும் தன் பயணக் கதையைச் சொல்லட்டும். ஒருவன் கதையைப்போல் இன்னொருவன் கதை இருக்காது.

இப்படிச் செய்து படிப்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்திவரும் 'துளிர்' என்ற சிறுவர் பத்திரிகையும் விஞ்ஞானத்தை எளிய தமிழில் சொல்லிவருகிறது.

நூறு குடம் தண்ணீர்

தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது என்றால், எவ்வளவு செலவழித்தாலும் கவலை இல்லை அல்லவா?

குழந்தை இப்படிக் கேட்டால், அது கெட்டிக்காரக் குழந்தை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பாடமே.

உலகத்துத் தண்ணீர் முழுவதும் நூறு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 97½ குடம் உப்பு நீர். நல்ல தண்ணீர் 2½ குடம்தான். அந்த இரண்டரையிலும் 1¾ குடம் துருவங்களிலும் இமயம் போன்ற உயர்ந்த மலைகளிலும் பனிக்கட்டியாகக் கிடக்கிறது. முக்கால் குடம் பூமிக்கு அடியில் இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லா ஆறுகளும் நல்ல நீர் ஏரிகளும் சேர்ந்தால் எவ்வளவு? அரை டம்ளர்!

அந்த அரை டம்ளரையும், தோண்டி எடுக்கக் கூடிய நிலத்தடி நீரையும் வைத்துத்தான் உலகம் பிழைக்கிறது.

கிணறு ஒரு பாங்குக் கணக்கு

சேலம் மாவட்டம் பாறை பூமி. மணற்பாங்கான ஆற்றுப் படுகைபோல் இங்கே பூமி முழுவதும் நீர் ஊறி நிற்பதில்லை. மேலே உள்ள உதிர்ந்த பாறை அடுக்கிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். இடம் கொஞ்சம். அதை நிரப்புவது மழை ஒன்றுதான்.

மழை போடுவது வரவு. இறைப்பது செலவு. வரவைவிடச் செலவு மிஞ்சினால் என்ன ஆகும்? இருப்புக் கரையும். சேலம் மாவட்டத்தில் பல வட்டாரங்களில் இதுவே நடந்திருக்கிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பகுதிகள் என்று அரசுக் கணக்கிலேயே அவை குறிக்கப்பட்டிருக்கின்றன. கமலை இறைத்த கிணறு வற்றியது. மோட்டார் வந்தது. அதுவும் வற்றியது. ஆழ்குழாய் வந்தது. நூறடி இருநூறடியாயிற்று. ஆயிரம் அடி இறக்கியும் புகைதான் வந்தது என்று சொல்லும் குடியானவர்கள் இந்தச் சீமையில் உண்டு. கடன்தான் மிச்சம்.

சுழற்சியில் தண்ணீர் அழிவதில்லை. உண்மைதான். ஆனால் நம் ஊரைவிட்டுப் போய்விடும். தம்மம்பட்டியில் இறைத்து வீணாக்கிய நீர் ஆவியாகி, எந்தக் கடலில் மழையாக விழுமோ, யார் கண்டார்கள்? திரும்பி வரும்போது பிடித்து மண்ணுக்குள் இறக்கிவைப்பவனுக்குத்தான் அது சொந்தம்.

இதையும் குழந்தைக்குக் காட்டலாம். இரண்டு தட்டில் மண் நிரப்புங்கள். ஒன்றில் புல் இருக்கட்டும். இன்னொன்று வெறும் மண். இரண்டையும் சற்றுச் சாய்த்து ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து கலங்கல் நீர் சடசடவென்று ஓடும். புல் தட்டிலிருந்து கொஞ்சம்தான் வடியும். அதுவும் தெளிவாக வரும். மலையில் மரம் வேண்டும், ஏரி தூர் வார வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது ஏன் என்று அப்போது புரியும்.

உங்கள் கூரையில் எத்தனை குடம்?

20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள ஒரு வீட்டுக் கூரை. அதன்மேல் ஓர் அங்குலம் மழை பெய்கிறது. எவ்வளவு தண்ணீர்? சுமார் 700 லிட்டர்! 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தால் சுமார் 47 குடம். ஆண்டுக்கு 90 சென்டிமீட்டர் மழை பெய்தால், அதே கூரையில் விழுவது சுமார் 25,000 லிட்டர்.

எல்லாக் கட்டடங்களிலும் மழை நீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. குழாய் வைத்த வீடுகள் ஏராளம். இலையும் குப்பையும் அடைத்துக் கிடக்கும் குழாய்களும் ஏராளம். ஐப்பசிக்கு முன்னால் அதைச் சுத்தம் செய்யும் வேலையைக் குழந்தையோடு சேர்ந்து செய்யலாம்.

மழை அளக்கவும் பழக்கலாம். நேரான ஒரு பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்து அதன் வாயிலேயே வையுங்கள். பக்கத்தில் அளவுகோலை ஒட்டுங்கள். திறந்த வெளியில் வைத்துவிடுங்கள். காலையில் எத்தனை மில்லி மீட்டர் என்று குழந்தை நோட்டில் எழுதட்டும். தாத்தா இருந்தால் அவரையும் கேட்கட்டும். "ஒரு உழவு மழை" என்று அவர் மண்ணைத் தோண்டிப் பார்த்துச் சொல்வார். பேரனின் கணக்கும் தாத்தாவின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்ல வேடிக்கை.

கூடவே கிணற்றையும் அளக்கலாம். பெரியவர் ஒருவர் கூட இருந்து, கயிற்றில் கல்லைக் கட்டி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மழைக் கணக்கு ஒரு பக்கம், கிணற்றுக் கணக்கு ஒரு பக்கம். ஒரு வருஷம் எழுதிவிட்டால், அந்தக் குடும்பத்துக்குத் தன் தண்ணீர் நிலவரம் தெரிந்துவிடும். அடுத்த போகத்துக்கு நெல்லா, மரவள்ளியா, சொட்டு நீரா என்று முடிவு செய்ய அதைவிட நல்ல யோசனை வேறு இல்லை.

பத்து வயதில் நோட்டுப் போட்டு மழையை எழுதிய பிள்ளை, முப்பது வயதில் கண்ணை மூடிக்கொண்டு ஆழ்குழாய் போடமாட்டான். வரவு தெரிந்து செலவு செய்வான். மழைப் பாடத்தின் பலன் அதுதான்.